ரைட் கிளிக் மெனுவில் குடியேறியவர்கள்

போன வாரம் ஒரு ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தேன். மெனு திறக்க நாலைந்து விநாடி ஆச்சு. எண்ணிப் பார்த்தால் 23 வரிகள். நான் தொடுவது அதில் ஐந்து தான். ஒரு வரி, எப்பவோ நீக்கிவிட்ட ஜிப் மென்பொருளுடையது. கடை காலியாகி வருஷமாச்சு, போர்டு மட்டும் தொங்குது. இவங்களை எல்லாம் உள்ளே விட்டது யாருன்னு யோசித்தபோது சேர்ந்த குறிப்புகள் இவை.

மவுஸுக்கு எத்தனை பொத்தான் என்பதே ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதம். 1973-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஆல்டோ கணினியின் மவுஸுக்கு மூன்று பொத்தான்கள். அதில் ஓடிய ஸ்மால்டாக்கில், சுட்டி நிற்கும் இடத்திலேயே மெனு விரியும். அங்கிருந்து ஆப்பிளுக்குப் போன லாரி டெஸ்லர், ஒரே பொத்தான் போதும் என்று வாதாடினார். புது ஆள் எதை அழுத்துவதென்று குழம்பக் கூடாது என்பது அவர் கட்சி. 1983-ல் வந்த லிசாவின் மவுஸுக்கு ஒரே பொத்தான் தான்.

வலது பொத்தானை எல்லாருக்கும் பழக்கியது 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95. எந்த ஐகானில் அழுத்தினாலும் அதற்குரிய மெனு வரும். அந்த மெனுவில் மற்ற மென்பொருள்களும் இடம் பிடிக்க வழி இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் 'ஷெல்' என்ற கிளையில் பதிந்தால் ஒரு வரி கிடைக்கும். 'ஷெல்லெக்ஸ்' கிளையில் பதிந்தால், அதன் நிரல் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே போய் ஓடும். அது தூங்கினால் மெனுவும் தூங்கும். என் நாலைந்து விநாடி போனது அங்கே தான்.

ஆனால் யார் யார் உள்ளே இருக்காங்கன்னு கணினிக்காரர் பார்க்க, கண்ட்ரோல் பேனலில் ஒரு பட்டியல் கூடக் கிடையாது. நிர்சாஃப்டின் ஷெல்எக்ஸ்வியூ போன்ற சின்ன இலவசக் கருவிகள் தான் அந்தக் குறையைத் தீர்த்தன. 2021-ல் விண்டோஸ் 11 மெனுவைச் சுருக்கி, பழைய கூட்டத்தை இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் தள்ளியது. கூட்டம் ஒளிந்ததே தவிர, கலையவில்லை.

முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து, 'நியூ' மெனுவையே தொலைத்தவன் நான். அதனால் இந்த முறை எதையும் அழிக்கவில்லை. ஷெல்எக்ஸ்வியூவில் மைக்ரோசாஃப்டுடையதை மறைத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக முடக்கி, எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கிப் பார்த்தேன். மூன்றாவதில் தாமதம் போச்சு. 'ஷெல்' கிளையில் இருந்த வரிகளுக்கு 'லெகசி டிஸேபிள்' என்ற பெயரில் ஒரு காலி மதிப்பைச் சேர்த்தால் போதும். வேணும்னா அதை எடுத்துவிடலாம்.

இப்போது 11 வரிகள். அந்த ஜிப் போர்டும் இறங்கியாச்சு.