நூற்று முப்பத்தாறாம் தொகுதியின் கோரிக்கைகள்: ஜூலியன் பொண்டும் ஜோர்ஜியச் சட்டசபையும்

தேர்தல் விஞ்ஞாபனங்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. வாக்கெண்ணிக்கை முடிந்த மறுநாளே அவை பழந்தாள்களாகிவிடுகின்றன. வென்றவர் அவற்றை மறக்கின்றார். தோற்றவரின் விஞ்ஞாபனத்தை எவரும் தேடுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான ஜோர்ஜியாவில் 1965ஆம் ஆண்டு மாநிலச் சட்டசபைக்குப் போட்டியிட்ட ஜூலியன் பொண்டின் விஞ்ஞாபனத்துக்கு நேர்ந்த கதி சற்று வேறானது. அதனை அவர் மறக்கவில்லை. அவருக்கு வாக்களித்த மக்களும் மறக்கவில்லை. அவர் பெயரால் எழுந்த வழக்கின் புகழே அதனை மறைத்துவிட்டது. ‘பொண்ட் எதிர் புளொயிட்’ என்னும் அவ்வழக்கு பேச்சுச் சுதந்திரம் பற்றிய தீர்ப்புகளுள் ஒன்றாக அரசியலமைப்புச் சட்ட மாணவரால் இன்றும் பயிலப்படுகின்றது. சபை எந்த மனிதருக்குக் கதவடைத்தது என்பதை அவர்கள் அறிவர். அவர் எவற்றைக் கோரி அவ்வாயிலுக்கு வந்தார் என்று வினவுவோர் அரியர்.

அத்தேர்தலுக்கு இடமளித்த சூழ்நிலையை முதலில் நோக்குதல் தகும். ஜோர்ஜியா 159 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட மாநிலம். அதன் பிரதிநிதிகள் சபையிலிருந்த 205 ஆசனங்களும் சனத்தொகைக்கேற்பவன்றி மாவட்டங்களுக்கேற்பப் பங்கிடப்பட்டிருந்தன. சனத்தொகையிற் கூடிய எட்டு மாவட்டங்களுக்கு மும்மூன்று உறுப்பினர், அடுத்த முப்பது மாவட்டங்களுக்கு இவ்விரண்டு உறுப்பினர், ஏனையவற்றுக்கு ஒவ்வொருவர் என்பதே கணக்கு. அத்திலாந்தா நகரின் பெரும்பகுதியை உள்ளடக்கிய புள்ட்டன் மாவட்டத்தில் 1960ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 556,326 பேர் வாழ்ந்தனர். அவர்களுக்கு மூன்று ஆசனங்கள். எக்கோல்ஸ் என்னும் நாட்டுப்புற மாவட்டத்திலோ 1,876 பேரே இருந்தனர். அவர்களுக்கு ஓர் ஆசனம். நகரத்துத் தொழிலாளியின் வாக்கும், நகரத்திற் செறிந்து வாழ்ந்த கறுப்பின மக்களின் வாக்கும் இவ்வாறாகத் தேய்க்கப்பட்டிருந்தன. வெள்ளையர் மேலாதிக்கத்தைப் பேணுவதற்குத் துப்பாக்கியைவிட இக்கூட்டற்கணக்கே பல வேளைகளிற் போதுமானதாயிருந்தது.

1964ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ‘ரெய்னோல்ட்ஸ் எதிர் சிம்ஸ்’ வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் மாநிலச் சட்டசபைகளின் தொகுதிகள் சனத்தொகை அடிப்படையில் அமைதல் வேண்டுமெனத் தீர்த்தது. அதன் விளைவாக ஜோர்ஜியப் பிரதிநிதிகள் சபைக்குப் புதிய தொகுதிகள் வகுக்கப்பட்டு 1965இல் விசேட தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு தோன்றியவற்றுள் ஒன்றே அத்திலாந்தாவின் 136ஆம் தொகுதி. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே பொண்டைச் சட்டசபைக்கு அனுப்பியது எனச் சிலர் எழுதியுள்ளமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. காலவரன்முறை இதற்கு இடந்தரவில்லை. தேர்தல் நடந்தது யூன் மாதத்தில். சனாதிபதி ஜோன்சன் அச்சட்டத்திற் கையொப்பமிட்டது ஓகஸ்ட் 6ஆந் திகதி. எல்லைக்கோடுகள் மாற்றப்பட்டமையே உடனடிக் காரணம்.

அப்பொழுது பொண்டுக்கு வயது இருபத்தைந்து. அவர் 1940இற் பிறந்தவர். தந்தையார் ஹொறேஸ் மான் பொண்ட் புகழ்பெற்ற கல்வியாளர். பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராயமைந்த முதற் கறுப்பினத்தவர். மகனோ அத்திலாந்தாவின் மோர்ஹவுஸ் கல்லூரியிற் படிப்பை இடையில் நிறுத்தியவர். 1960ஆம் ஆண்டில் அந்நகரின் உணவுச்சாலைகளில் நிறவேறுபாட்டை எதிர்த்து மாணவர் நடத்திய உள்ளிருப்புப் போராட்டத்தில் முன்னின்று சிறைசென்றார். அவ்வாண்டே உருவான அகிம்சை வழி மாணவர் இணைப்புக் குழுவின் செய்தித் தொடர்புப் பொறுப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார். (பட்டத்தை 1971இல், சட்டசபை உறுப்பினராயிருந்துகொண்டே பெற்றார்.) மாணவர் குழுவினுள்ளும் அவர் போட்டியிடுவதை எல்லோரும் வரவேற்றாரல்லர். தேர்தல் அரசியல், போராட்டத்தின் கூர்மையை மழுங்கச் செய்யும் என்ற ஐயம் சிலரிடையே நிலவியது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து அவ்வையம் முற்றிலும் அடிப்படையற்றதெனக் கூறிவிட முடியாது.

தொகுதி சிறியது, நெடுங்காலம் ஆசனத்தில் வீற்றிருந்த உறுப்பினர் எவருமிலர். இவ்விரண்டும் புதியதொரு முறைக்கு வழிவிட்டன. ஐவன்ஹோ டொனால்ட்சன் பிரசாரத்தை நெறிப்படுத்தினார். மிசிசிப்பியின் கிராமங்களில் வாக்காளரைப் பதிவு செய்து பழகிய இளைஞர் வீடுவீடாகச் சென்றனர். பொண்டும் உடன் சென்றார். தாம் யாது செய்வதாக உத்தேசித்துள்ளார் என்று கூறுவதற்கு முன்னர், சட்டசபை தமக்கு யாது செய்தல் வேண்டுமென மக்கள் கருதுகின்றனர் என்பதை அவர் வினவினார். இது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால் கட்டணம் செலுத்த இயலாதோரும் எழுத்தறிவுச் சோதனையில் வீழ்த்தப்பட்டோரும் தலைமுறை தலைமுறையாக வாக்குச் சாவடிக்குப் புறம்பே நின்ற ஒரு மாநிலத்தில், அபேட்சகர் ஒருவர் படியேறி வந்து அபிப்பிராயம் கேட்பது அதற்குமுன் பலர் கண்டறியாத காட்சி.

அவ்விடைகளிலிருந்தே விஞ்ஞாபனம் உருப்பெற்றது. மணித்தியாலமொன்றுக்கு இரண்டு டொலர் குறைந்தபட்சக் கூலி என்பது அதன் முதன்மையான கோரிக்கை. அன்று கூட்டரசுச் சட்டம் விதித்திருந்த தொகை 1.25 டொலர். வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம் உழைத்தால் ஐம்பது டொலர். பொண்டின் கணக்கின்படி எண்பது. ஆயின் உண்மையான இடர் வேறோரிடத்தில் இருந்தது. வைன் சிற்றி போன்ற குடியிருப்புகளின் பெண்கள் வெள்ளையர் வீடுகளிற் பணிசெய்தனர். ஏனையோர் சலவைச்சாலைகளிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தனர். இத்தொழில்களுட் பெரும்பாலானவை கூட்டரசுச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே விடப்பட்டிருந்தன. ஜோர்ஜியாவுக்கெனக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எதுவுமிருக்கவில்லை. எனவே 1.25 டொலர் என்பதுகூட அப்பெண்களுக்குச் செய்தித்தாளிற் காணும் எண்ணேயன்றிக் கையிற் கிட்டும் காசன்று. மாநிலச் சட்டத்தைக் கோரியதன் நியாயம் இதுவே.

இரண்டாவது கோரிக்கை 1947ஆம் ஆண்டின் ‘வேலை செய்யும் உரிமை’ச் சட்டத்தை நீக்குதல். பெயரைக் கண்டு மயங்கலாகாது. அச்சட்டம் எவருக்கும் வேலை தேடித் தரவில்லை. வேலைத்தலத்திலுள்ளோர் யாவரும் தொழிற்சங்கத்திற் சேர்தல் வேண்டும் அல்லது சந்தா செலுத்துதல் வேண்டும் என முதலாளியும் சங்கமும் உடன்படுவதை அது தடைசெய்தது, அவ்வளவே. சங்கங்கள் தென்மாநிலங்களில் நலிந்து கிடந்தமைக்கு அது ஒரு காரணம். இவற்றுடன் வாக்காளருக்கான எழுத்தறிவுச் சோதனையை ஒழித்தலும் நகரப் புனரமைப்பைச் சீர்செய்தலும் இடம்பெற்றன. புனரமைப்பு என்ற பெயரில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு நெடுஞ்சாலைகளும் பொதுக் கட்டடங்களும் எழுந்துகொண்டிருந்த காலமது. அத்திலாந்தாவின் புதிய விளையாட்டரங்கும் இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலத்திலேயே எழுந்தது. இடிப்பதில் நகராட்சி காட்டிய விரைவு, மாற்று வீடுகளைக் கட்டுவதிற் காணப்படவில்லை.

இவை யாவும் நிறவேறுபாட்டுக்கு எதிரான முழக்கங்களாக அமையாமை கூர்ந்து நோக்கற்பாலது. உணவுச்சாலையில் அமரும் உரிமை 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் கிட்டிவிட்டது. அங்கு அமர்ந்து உண்பதற்கான காசு கிட்டவில்லை. மாணவர் இயக்கத்தின் கோரிக்கைகள் உரிமையிலிருந்து கூலிக்கும் குடியிருப்புக்கும் நகர்ந்த திருப்பத்தை இச்சிறு விஞ்ஞாபனத்திற் காணலாம். யூன் 15இல் நடந்த தேர்தலில், குடியரசுக் கட்சி அபேட்சகருக்கெதிராகச் சனநாயகக் கட்சியின் சார்பில் நின்ற பொண்ட், அளிக்கப்பட்ட வாக்குகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற் பெற்று வென்றார்.

சபை 1966ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி கூடுவதாயிருந்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர், சனவரி 3ஆந் திகதி, அலபாமாவின் டஸ்கிகீ நகரில் சாமி யங் என்னும் மாணவர் பெற்றோல் நிலையமொன்றில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட கழிவறையைப் பயன்படுத்த முயன்றமைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அமெரிக்கக் கடற்படையிற் பணியாற்றியவர். அக்கொலை மூட்டிய சினத்தோடு மாணவர் குழு சனவரி 6இல் வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. கட்டாய இராணுவ சேவையை மறுப்போருக்கு அனுதாபம் தெரிவித்தது. அவ்வறிக்கையைப் பொண்ட் எழுதவில்லை. செய்தியாளர் வினவியபோது அதனை ஆதரிப்பதாக மட்டும் கூறினார். இராணுவப் பதிவு அட்டையை எரிப்போரின் துணிவைத் தாம் மதிப்பதாகவும், தமது அட்டையை எரிக்கவில்லை என்றும் விளக்கினார்.

எழுபத்தைந்து உறுப்பினர் ஆட்சேபித்து மனுக் கொடுத்தனர். அரசியலமைப்பை ஆதரிப்பதாக அவர் செய்யும் சத்தியப்பிரமாணம் உண்மையானதாயிருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அவர் சத்தியஞ் செய்ய ஆயத்தமாக நின்றார். சபை அதனை ஏற்க ஆயத்தமாக இல்லை. 184 வாக்குகளுக்கு எதிராக 12 என்ற கணக்கில் ஆசனம் மறுக்கப்பட்டது. ஜோர்ஜிய வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிதன்று. 1868ஆம் ஆண்டு செப்டெம்பரில், உள்நாட்டுப் போரின் பின் தெரிவான கறுப்பின உறுப்பினர் முப்பதின்மருக்குச் சற்று மேற்பட்டோரை அதே சட்டசபை வெளியேற்றியிருந்தது. வாக்களிக்கும் உரிமையில் பதவி வகிக்கும் உரிமை அடங்காது என்பது அன்றைய வாதம். தொண்ணூற்றெட்டு ஆண்டுகளில் நியாயம் மாறியிருந்தது, முடிவு மாறவில்லை.

மூன்று நீதிபதிகளைக் கொண்ட கூட்டரசு நீதிமன்றம் இருவர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் சபையின் செயலை அங்கீகரித்தது. வெற்றிடத்துக்கு நடந்த தேர்தலிற் பொண்ட் மீண்டுந் தெரிவானார், மீண்டும் மறுக்கப்பட்டார். நவம்பரில் மூன்றாம் முறையும் வென்றார். 1966ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி உயர் நீதிமன்றம் ஏகமனதாக அவர் பக்கம் தீர்த்தது. பிரதம நீதியரசர் ஏர்ள் வொறன் எழுதிய அத்தீர்ப்பு, சத்தியப்பிரமாணத்தின் நேர்மையை அளவிடும் அதிகாரம் சக உறுப்பினருக்கு இல்லையென்றும், கொள்கைகள் பற்றிக் கருத்துரைக்கச் சட்டசபை உறுப்பினருக்கு விரிந்த சுதந்திரம் வேண்டுமென்றும் நிறுவியது.

தீர்ப்பின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் மையத்தில் நிற்பது உறுப்பினரின் நா, வாக்காளரின் ஆசனமன்று. அத்தொகுதியின் வாசிகளுள் ஒருவரான மார்ட்டின் லூதர் கிங், தமக்குப் பிரதிநிதித்துவம் மறுக்கப்பட்டதென வழக்கில் உடன்முறையீட்டாளராகச் சேர்ந்திருந்தார். 1966ஆம் ஆண்டுக் கூட்டத்தொடர் முழுவதிலும் 136ஆம் தொகுதிக்கு உறுப்பினர் இருக்கவில்லை. கூலி பற்றி அங்கு எழுந்து பேசவேண்டியவர் நீதிமன்றப் படிகளில் வியட்நாம் பற்றிய வினாக்களுக்கு விடையளித்துக்கொண்டிருந்தார். சபை அவரை நீக்கியதன் மூலம் அவரை நாடறியச் செய்தது என்பது உண்மை. 1968இல் சிக்காகோவில் நடந்த கட்சி மாநாட்டில் உபசனாதிபதிப் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதற்குரிய முப்பத்தைந்து வயது தமக்கு நிரம்பவில்லையென விலகிக்கொள்ள நேர்ந்தது. அப்புகழால் வைன் சிற்றியின் சலவைத் தொழிலாளிக்குக் கூலி கூடவில்லை.

1967ஆம் ஆண்டு சனவரியில் சத்தியப்பிரமாணஞ் செய்த பொண்ட், 1975 வரை பிரதிநிதிகள் சபையிலும் பின்னர் 1987 வரை மாநிலச் செனற் சபையிலும் இருந்தார். எழுத்தறிவுச் சோதனையை வாக்குரிமைச் சட்டம் முன்னரே நிறுத்தியிருந்தது. சலவைச்சாலை, விடுதி, மருத்துவமனை ஊழியருட் பலரைக் கூட்டரசின் 1966ஆம் ஆண்டுத் திருத்தமும், வீட்டுப் பணியாளரை 1974ஆம் ஆண்டுத் திருத்தமும் கூலிச் சட்டத்துள் கொணர்ந்தன. ஆக, நிறைவேறியவை வாசிங்டனில் நிறைவேறின. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. வைன் சிற்றியின் அயலிலிருந்த லைற்னிங் என்னும் குடியிருப்பு, 1992இல் திறக்கப்பட்ட ஜோர்ஜியா டோம் அரங்குக்காக இடிக்கப்பட்டது; அதனருகே 2017இல் வேறோர் அரங்கு எழுந்தபின் அவ்வரங்கும் இடிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கு ஜோர்ஜியா 1970இல் ஒரு சட்டம் இயற்றியது. அதில் விதிக்கப்பட்ட தொகை மணித்தியாலத்துக்கு 1.25 டொலர்: ஐந்தாண்டுகளுக்கு முன்னர் பொண்ட் வீடுவீடாகச் சென்றபோது, போதாதென மக்கள் கூறிய அதே தொகை.