பசலியோட 590 கூட்டுங்க

கொள்ளுத்தாத்தா பேருக்கு மேல நம்மில் பல பேருக்குத் தெரியாது. தெரியணும்னா பழைய நிலப் பதிவேட்டைப் புரட்டுங்க மக்களே!

மதராஸ் மாகாணத்தில் 1858-ல் அமைத்த இனாம் கமிஷனோட பதிவேட்டில், மானியம் முதலில் யாருக்குக் கிடைச்சுது, அப்போ அனுபவிச்சவர் அவருக்கு என்ன உறவு, வயசு என்ன, வாரிசு யாருன்னு எல்லாம் இருக்கும். பாதி வம்சாவளி ரெடி :) ஆண்டு பசலியில் இருந்தா 590 கூட்டுங்க, பசலி 1300-ன்னா 1890-91.

ஆனா ஒண்ணு. இதெல்லாம் நிலம் வச்சிருந்தவங்க கதை. அதில் உழுது நட்டவங்க பேரு பெரும்பாலும் கிடையாது. 1892 ஆணைப்படி பஞ்சமி நிலம் கொடுத்தப்போ ஒடுக்கப்பட்ட மக்களில் சிலர் பேரு ஏறிச்சு. அதிலும் பல நிலம் பிறகு கைமாறிப் போச்சு. அந்தக் குடும்பங்களுக்கு, தாத்தா பேரு இருக்கும் அந்த ஒரு வரிதான் இன்னிக்கும் சாட்சி.