பெலேவா, மரடோனாவா, மெஸ்ஸியா? – ஒரு பொறியாளரின் கணக்கு

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க, ஆனா உங்க ஆபீஸ் வேலையைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க" என்று மலர்க் குழு நண்பர் அன்போடு கேட்டுக்கொண்டார். பம்பு, வால்வு, பைப்லைன் பற்றிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது என்பது அவருக்குத் தெரியும். எனவே, நம் விடுதியில் படித்த எவருக்கும் அலுக்காத விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். கால்பந்து!

2010 உலகக் கோப்பையின்போது நான் விடுதி மாணவன். டி.வி. அறையில் பாதிப் பேர் மெஸ்ஸி கட்சி, மீதிப் பேர் ரொனால்டோ கட்சி. அந்தத் தொடரில் மெஸ்ஸி ஒரு கோல்கூட அடிக்கவில்லை; ரொனால்டோ அடித்ததும் ஒன்றே ஒன்று. ஆனாலும் சண்டை மட்டும் குறையவில்லை. நடுவில் மெஸ் அண்ணன் வந்து, "86-ல மரடோனா ஆடினதைப் பார்த்திருந்தா நீங்க இப்படிப் பேசமாட்டீங்க தம்பி" என்பார். அவருக்கும் மூத்தவர்கள் பெலே என்பார்கள். இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாதா? கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் கணக்கும் சேர்த்துப் பார்ப்போம்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

பெலே அடித்த கோல்கள் 1,281 என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் சாண்டோஸ் அணி ஊர் ஊராகச் சுற்றி ஆடிய நட்பு ஆட்டங்களும் அடக்கம். அதிகாரபூர்வமான போட்டிகளை மட்டும் எண்ணினால் 750-ஐ ஒட்டித்தான் வரும். மெஸ்ஸி 800-ஐத் தாண்டிவிட்டார். அப்படின்னா மெஸ்ஸிதான் பெரியவர் என்று முடித்துவிடலாமா? முடியாது. கிலோவையும் பவுண்டையும் அப்படியே கூட்டக்கூடாது என்று முதலாண்டிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே! ஒரு காலத்துக் கோலும் இன்னொரு காலத்துக் கோலும் ஒரே அலகு அல்ல.

உதாரணத்துக்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 1925-ல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை, முன்னால் ஓடும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். மாற்றத்துக்குப் பின் இரண்டு பேர் போதும். விளைவு? இங்கிலீஷ் லீக்கின் எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து 1924-25-ல் விழுந்த கோல்கள் 4,700. அடுத்த சீசனில், அதே எண்ணிக்கை ஆட்டங்களில், 6,373. ஒரே வருஷத்தில் எல்லாருக்கும் திறமை கூடிவிட்டதா? இல்லை, விதி மாறியது, அவ்வளவுதான். 1927-28-ல் எவர்ட்டன் அணியின் டிக்ஸி டீன் 39 லீக் ஆட்டங்களில் 60 கோல் அடித்ததும் இந்தக் காற்றில்தான். 2022-23-ல் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் 35 ஆட்டங்களில் 36 அடித்து பிரிமியர் லீக் சாதனை படைத்தார். 60-ஐயும் 36-ஐயும் பக்கத்தில் வைத்து "பாதிதானே" என்று சொல்வது நியாயமாகாது.

அலகு மாற்றிப் பார்ப்போம்

சரி, பொறியாளனாக ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு உலகக் கோப்பையிலும் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் அடித்தது என்று பாருங்கள். அதிகக் கோல் அடித்த வீரரின் சராசரியை அதனால் வகுத்துவிடுங்கள். வரும் எண், அந்த ஒரு மனிதர் எத்தனை அணிக்குச் சமம் என்பதைக் காட்டும்.

1954-ல் 26 ஆட்டங்களில் 140 கோல். ஓர் அணிக்குச் சராசரி 2.69. ஹங்கேரியின் கோச்சிஷ் 5 ஆட்டங்களில் 11 கோல், அதாவது 2.2. வகுத்தால் 0.82.

1958-ல் 35 ஆட்டங்களில் 126 கோல். சராசரி 1.8. பிரான்ஸின் ஜுஸ்ட் ஃபோன்டேன் 6 ஆட்டங்களில் 13 கோல். வகுத்தால் 1.20.

1970-ல் 32 ஆட்டங்களில் 95 கோல். மேற்கு ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 6 ஆட்டங்களில் 10. விடை 1.12.

1990-ல் 52 ஆட்டங்களில் 115 கோல்தான். இத்தாலியின் ஸ்கிலாச்சி 7 ஆட்டங்களில் 6. விடை 0.78.

2022-ல் 64 ஆட்டங்களில் 172 கோல். பிரான்ஸின் எம்பாப்பே 7 ஆட்டங்களில் 8. விடை 0.85.

கவனித்தீர்களா? வெறும் எண்ணிக்கையில் கோச்சிஷ் எம்பாப்பேயைவிட எங்கோ உயரத்தில் நிற்கிறார். அலகை மாற்றியதும் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஆனால் ஃபோன்டேன் எப்படி வகுத்தாலும் அசையவில்லை. தனி ஒரு ஆள், ஒரு சராசரி அணியைவிட அதிகமாக அடித்திருக்கிறார். பழையவர்கள் எல்லாருமே சுலபமான காலத்தில் ஆடியவர்கள் என்று இளைஞர்களும், இப்போது ஆடுபவர்கள் எல்லாருமே சொகுசுக்காரர்கள் என்று பெரியவர்களும் சொல்வது, இரண்டுமே தப்பு என்று இந்தச் சின்னக் கணக்கே காட்டிவிடுகிறது.

கணக்குக்குள் அடங்காதவை

இந்த வகுத்தல் கோல் அடிப்பவருக்குத்தான் பொருந்தும். ஆட்டத்தையே நடத்துபவரை எப்படி அளப்பது? 1986-ல் மரடோனா அடித்தது 5 கோல். இங்கிலாந்தின் லினேகர் 6. ஆனால் அந்த உலகக் கோப்பை மரடோனாவுடையது என்பதில் லினேகருக்கே சந்தேகம் இருந்திருக்காது. தான் அடித்த 5 போக, இன்னும் 5 கோலுக்கு வழி செய்தவர் அவர். அந்தத் தொடரில் எதிரணியினர் அவர்மேல் செய்த ஃபவுல்கள் 53.

இங்கேதான் காலத்தின் வித்தியாசம் வலிக்கிறது. 1966-ல் முதல் ஆட்டத்திலேயே பல்கேரிய வீரர்கள் பெலேயை உதைத்துக் காயப்படுத்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. மூன்றாவதில் போர்ச்சுகல்காரர்கள் மறுபடியும் அடித்தார்கள். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி கிடையாது. எனவே உலகத்தின் தலைசிறந்த வீரர் நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். பிரேசில் வெளியேறியது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, மாற்று ஆட்டக்காரர் எல்லாம் உலகக் கோப்பைக்கு வந்தது 1970-ல்தான். பின்னாலிருந்து காலை வாரினால் சிவப்பு அட்டை என்று கண்டிப்பாக்கியது 1998-ல். மெஸ்ஸியின் கணுக்கால் அவ்வளவு வருஷம் தாங்கியதில் இந்த விதிகளுக்கும் பங்கு உண்டு. அது அவருடைய குறை இல்லை. ஆனால் ஒப்பிடும்போது மறக்கக்கூடாது.

இந்தப் பக்கமும் சொல்ல வேண்டும். பெலே காலத்துத் தடுப்பாட்டம் இன்றுபோல் இறுக்கமானதல்ல. இன்று ஒவ்வொரு வீரரின் அசைவையும் படம் பிடித்து, எதிரணி கணினியில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் வருகிறது. அத்தனையையும் மீறி மெஸ்ஸி 2012 என்ற ஒரே ஆண்டில் 91 கோல் அடித்தார்.

பட்டங்களை வைத்துப் பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெஸ்ஸியிடம் எட்டு பலோன் தோர் விருதுகள் இருக்கின்றன. 'பெலேயிடமும் மரடோனாவிடமும் ஒன்றுகூட இல்லையே' என்பார்கள். 1956-ல் தொடங்கிய அந்த விருது 1995 வரை ஐரோப்பிய வீரர்களுக்கு மட்டும்தான்! அந்த வருஷம் விதி மாறியதும் முதலில் வாங்கிய வெளியார் லைபீரியாவின் ஜார்ஜ் வியா. கதவையே சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரலை என்று கேட்கலாமா?

படம் இல்லாத கோல்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 1961 மார்ச் 5-ல் ரியோவின் மரக்கானா அரங்கில், ஃப்ளூமினென்ஸ் அணிக்கு எதிராகப் பெலே பலரைத் தாண்டி ஒரு கோல் அடித்தார். அதைப் பாராட்டி அரங்கில் ஒரு பலகையே பதித்தார்கள். ஆனால் அந்தக் கோலின் படச்சுருள் நமக்குக் கிடைக்கவில்லை. பலகை இருக்கிறது, கோல் இல்லை. இன்று சாதாரண லீக் ஆட்டத்தின் கோல்கூட அடுத்த நிமிடமே கைபேசியில் வந்துவிடுகிறது. நாம் "யார் சிறந்தவர்" என்று பேசும்போது, உண்மையில் "யாரை அதிகம் பார்த்திருக்கிறோம்" என்றுதான் பல சமயம் பேசுகிறோம்.

பெலேக்காவது பலகை உண்டு. நம் ஆட்களுக்கு? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றபோது நெவில் டிசோசா அடித்த மூன்று கோல்களை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியா அந்த ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர் நம் தமிழகத்தின் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு இன்னொரு கோல் கிடைக்கவில்லை. மெஸ்ஸியின் பூட்ஸ் அளவு வரை தெரிந்த தம்பிகளுக்கு இந்தப் பெயர் தெரியவில்லை என்றால், குற்றம் அவர்களுடையது அல்ல. எழுதி வைக்காதது முந்தைய தலைமுறை.

என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். தன் காலத்தின் விதியில், தன் காலத்தின் பந்தோடு, தன்னுடன் ஆடியவர்களைவிட எவ்வளவு தூரம் முன்னால் ஓடினார் என்பதே ஒருவருடைய அளவு. அந்தக் கோலால் அளந்தால் மூவருக்குமே முதலிடம் உண்டு. மூவரையும் ஒரே படியில் நிறுத்தினால் யாருக்கும் அநியாயமில்லை. தப்பிக்கிற பதில் என்று நினைத்தால், மேலே உள்ள வகுத்தலை நீங்களே போட்டுப் பாருங்கள், பேசுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி மைதானத்திலும் வெறுங்காலோடு பல்கலைக்கழக ஆட்டம் ஆடிய சீனியர்கள் இருக்கிறார்கள். இந்தச் சந்திப்புக்கு வரும் பெரியவர்கள் அவர்களுடைய பெயர், ஆண்டு, அடித்த கோல் எல்லாவற்றையும் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த மலரில் அந்தப் பட்டியல் வரட்டும். ஒப்பிடுவதற்கு முதலில் ஆள் நினைவில் இருக்க வேண்டுமே!