மண்ணாடிப்பட்டு: எல்லைக் கொம்யூனின் அரசியல்

மண்ணாடிப்பட்டு, புதுச்சேரிப் பகுதியின் வடமேற்கு ஓரத்தில் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களோடு பின்னிக் கிடக்கும் கொம்யூன், அதாவது உள்ளாட்சிப் பிரிவு. திருபுவனை, மதகடிப்பட்டு, திருக்கனூர் ஆகியவை இதன் பெரிய ஊர்கள். பிரெஞ்சு ஆட்சி முடியும்போது புதுச்சேரிப் பகுதியில் எட்டு கொம்யூன்கள் இருந்தன; இப்பகுதி அப்போது திருபுவனை கொம்யூன் என்ற பெயரில் இருந்தது. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு போன்ற கிராமப்புறக் கொம்யூன்களைப் பற்றி வெளியார் இரண்டு குறை சொல்வதுண்டு: இவை பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றவை, பிறகு தமிழ்நாட்டில் அடிக்கும் காற்றுக்கெல்லாம் ஆடியவை. இரண்டுமே வரலாற்றோடு பொருந்தவில்லை.

முதல் குறை 1948இல் பிறந்தது. பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யலாம் என்று அந்த ஆண்டு ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி வென்றது. பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சி என்பதே அப்போது அதன் நிலை. ஆனால் அந்த வெற்றியைக் கிராமத்தாரின் மனச்சாட்சியாகக் கொள்ள முடியாது. கொம்யூனின் மேர், அதாவது நகராட்சித் தலைவர், பிறப்பு, இறப்புப் பதிவு முதல் வாக்குச்சாவடி வரை கையில் வைத்திருந்தவர். அவரைப் பகைத்துக்கொண்டு ஊரில் காலம் தள்ளுவது எளிதல்ல. தேர்தல் முறைகேடும் அடிதடியும் பிரெஞ்சிந்திய அரசியலில் பல தலைமுறை கண்டவை.

1949இல் சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததும் எல்லை இறுகியது. நகரத்தாரைவிட இதை அதிகம் அனுபவித்தவர்கள் எல்லைக் கிராமத்தார். வீடு பிரெஞ்சு மண்ணிலும் நிலமோ சந்தையோ சம்பந்தி வீடோ இந்தியப் பக்கத்துத் தென்னார்க்காட்டிலும் இருந்தால், சோதனைச் சாவடியைத் தாண்டாமல் நாள் நகராது. இந்தியாவுடனான இணைப்பு இவர்களுக்கு மேடைக் கோஷம் அல்ல, அன்றாடப் பிழைப்பின் கேள்வி.

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரியும் சுற்றுக் கொம்யூன்களும் பொது வாக்கெடுப்பு இல்லாமலேயே இந்தியாவுடன் இணையத் தீர்மானித்தன. அதற்குள் குபேரும் இணைப்பின் பக்கம் வந்துவிட்டார். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கேயே தற்காலிக அரசு அமைந்தது. அடுத்து திருபுவனையும் பாகூரும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து விலகின. இந்திய எல்லைக்குள்ளிருந்து கிடைத்த துணை இதில் முக்கியமானது. இருந்தாலும் நகரம் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோதே அதை இறக்கியவை இந்தக் கிராமங்கள். அக்டோபர் 18 அன்று இறுதி வாக்கெடுப்பு நடந்ததும் கீழூர் என்ற சிற்றூரில்தான். 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது.

இந்தியாவோடு சேர்வது வேறு, பக்கத்து மாநிலத்தில் கரைவது வேறு. 1956 மே 28 அன்று இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம், இப்பகுதியின் தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்றலாம் என்றும் சொல்கிறது. புதுச்சேரி அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதி போதும். வெளியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைப் படிப்பதில்லை.

அந்த விதியின் பலம் 1979இல் தெரிந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கலாம் என்று பேசியதும் ஜனவரியில் போராட்டம் வெடித்தது. அதன் அரசியல் விளைவு பெரியது. அ.தி.மு.க. முதன்முதலில் ஆட்சி அமைத்தது சென்னையில் அல்ல, 1974இல் புதுச்சேரியில். 1977இலும் அதுவே ஆட்சிக்கு வந்தது. அப்படிப்பட்ட கட்சிக்கு 1980 ஜனவரித் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மீண்டும் வென்றார். காற்றுக்கு ஆடும் மக்கள் என்ற பேச்சு இங்கேயே பொய்த்துப்போகிறது. அந்தத் தேர்தலுக்குப் பின் முதலமைச்சரான தி.மு.க.வின் எம்.டி.ஆர். இராமச்சந்திரன் மண்ணாடிப்பட்டின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்.

கட்சி மாறி வாக்களிப்பதற்குத் தொகுதியின் அளவும் ஒரு காரணம். 30 தொகுதிகளுக்கு ஏறக்குறைய 10 லட்சம் வாக்காளர்கள்; ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33,000 பேர். தமிழ்நாட்டுத் தொகுதி ஒன்றில் இதைப் போல எட்டு மடங்கு வாக்காளர் உண்டு. இங்கே வேட்பாளர் முகம் தெரிந்தவர். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வீட்டுக்கு வருபவர். கரும்புப் பணம் வராவிட்டால் அவர் வாசலிலேயே போய்க் கேட்க முடியும். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிய விவசாயிக்குக் கொடியின் நிறத்தைவிட இது முக்கியம். 2021இல் காங்கிரஸிலிருந்து பா.ஜ.க.வுக்கு மாறிய ஆ. நமச்சிவாயத்தை மண்ணாடிப்பட்டுத் தொகுதி தேர்ந்தெடுத்தது. அடுத்த தொகுதியான திருபுவனை சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அதே நமச்சிவாயம், காங்கிரஸின் வெ. வைத்திலிங்கத்திடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். பதவிக்காகத் தாவுவது சட்டமன்ற உறுப்பினர்களின் செயல். அதை வாக்காளரின் குணமாக எழுதுவது நியாயமில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் மாநில அந்தஸ்து கேட்கும் தீர்மானம் மட்டும் புதுச்சேரி சட்டமன்றத்தில் மீண்டும் மீண்டும் நிறைவேறி வருகிறது.