கண்ணைச் சுமந்த சட்டங்கள்

வானிலிருந்து படமெடுக்கும் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நதாரிடமிருந்தே தொடங்குவர். பாரிசின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான அவர், 1858இல் அந்நகரை அடுத்த பெத்தி-பிசேத்ர் என்னும் சிற்றூரில், தரையோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட பலூனில் ஏறிப் படமெடுத்தார். பலூனிலிருந்து கசிந்த வாயு தகடுகளைத் தொடர்ந்து பாழாக்கியது. வாயு வெளியேறும் வாயை அடைத்த பின்னரே மங்கலான படமொன்று தேறியது. அப்படமும் இன்று இல்லை. எஞ்சியிருப்பவற்றுள் பழமையானது, 1860 அக்டோபர் 13 அன்று பாஸ்டன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த படமே.

நதாரின் துணிவைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆயினும், இன்று திருமண மண்டபங்களுக்கு மேல் ரீங்காரமிட்டபடி படமெடுக்கும் நான்கு விசிறி டிரோனுக்கு அவரை மூதாதையாக்குவது பொருந்தாது. அவர் காமிராவோடு தாமும் மேலேறினார். கருவியைப் பிடித்தது அவருடைய கை. அசைவைச் சமன்செய்தது அவருடைய உடல். டிரோனின் சிக்கலோ முற்றிலும் வேறு. மனிதன் தரையிலேயே நிற்க, கண் மட்டும் மேலே செல்கிறது. அங்கே அக்கண்ணைப் பிடித்துக்கொள்வது யார்? குச்சிகளாலும் கயிறுகளாலும் ஆன ஒரு சட்டகம்தான். அச்சட்டகத்தை வடிவமைத்தவர்களின் வரலாற்றை நம்மில் பலர் அறியவில்லை. நம் மேடைகளில் ஆளில்லா விமானம் என்றதும் புறநானூற்று 27ஆம் பாட்டின் வான ஊர்தியைத் துணைக்கழைக்கும் வழக்கமுண்டு. அப்பாட்டு பேசுவது புகழுடையோர் இறந்தபின் எய்தும் பேற்றை. மூங்கிலையும் பிசினையும் அன்று. அதனை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம்.

தென்பிரான்சின் லாப்ருகியேர் பகுதியில் வாழ்ந்த ஆர்தர் பத்யூ (1846–1918) 1888இல் ஒரு பட்டத்தில் காமிராவைக் கட்டி அனுப்பினார். காமிராவைக் கயிற்றில் தொங்கவிடாமல், பட்டத்தின் நடுக்கழியோடு முக்கோண வடிவிலான தாங்கியொன்றால் பொருத்தினார் என்பது கவனத்திற்குரியது. பட்டமே காமிராவின் சட்டகமாயிற்று. விசையை அழுத்த மேலே கையில்லை. ஆகவே மெதுவாக எரியும் திரியொன்றைப் பற்றவைத்துவிட்டுப் பட்டத்தை ஏற்றினார். திரி எரிந்து முடிந்ததும் காமிராவின் கண் திறந்து மூடும். உடனே ஒரு காகிதக் கொடி கீழே விழும். படம் எடுத்தாயிற்று, இனி இறக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. படம் எடுக்கப்பட்ட உயரத்தைப் பதிவுசெய்ய உயரமானி ஒன்றையும் உடன் அனுப்பினார். உயரம் தெரிந்தால் படத்திலிருந்து நிலத்தின் அளவைக் கணக்கிடலாமல்லவா! 1890இல் தம் முறையை ஒரு சிறுநூலாகவே வெளியிட்டார். இன்றைய டிரோன் செய்யும் வேலைகளான தாங்குதல், உரிய நேரத்தில் இயக்குதல், செய்தி அனுப்புதல், உயரம் குறித்தல் ஆகிய அனைத்தும் அந்தக் காகிதப் பட்டத்தில் இருந்தன. இல்லாதது ஒன்றே: நிலைநிற்றல். பட்டம் ஆடினால் காமிராவும் உடன் ஆடியது.

அக்குறையை எதிர்கொண்டவருள் முதன்மையானவர் சிக்காகோவின் ஜார்ஜ் லாரன்ஸ். பேருருக்களில் மோகம் கொண்ட மனிதர். ஒரு புகைவண்டியை ஒரே படத்தில் அடக்குவதற்காக 1900இல் ஏறத்தாழ 640 கிலோ எடையுள்ள காமிராவைச் செய்தவர். தொடக்கத்தில் அவரும் பலூனில் ஏறித்தான் படமெடுத்தார். 1901இல் சிக்காகோவில் அவர் நின்றிருந்த கூண்டு பலூனிலிருந்து பிய்ந்து, 200 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தது. இடையில் குறுக்கிட்ட தொலைபேசி, தந்திக் கம்பிகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். அதன்பின் அவர் மேலேறவில்லை. காமிராவை மட்டும் ஏற்றினார். ஆளில்லாமல் பறக்கும் காமிரா போர்க்களத்தின் குழந்தை என்றே பொதுவாக எழுதப்படுகிறது. லாரன்சைப் பொறுத்தவரை அது, விழுந்து பிழைத்த ஒருவரின் அச்சத்தில் பிறந்தது என்பேன்.

1906 ஏப்ரல் 18 அன்று நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் சான்பிரான்சிஸ்கோ நகரை அழித்தன. ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து, தொடராகக் கட்டிய பட்டங்களைக்கொண்டு ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள காமிராவை 2000 அடி உயரத்தில் நிறுத்தினார் லாரன்ஸ். பட்டங்களின் எண்ணிக்கை பதினேழு என்பர். தரையிலிருந்து கயிற்றின் வழியே சென்ற மின்கம்பி காமிராவை இயக்கியது. வியப்புக்குரியது அவர் அமைத்த சமன்செய் பொறி. காமிராவிலிருந்து மூன்று நீண்ட கைகள் வெளியே நீண்டன; அவற்றின் நுனிகளிலிருந்து இறங்கிய பட்டுநூல்கள் கீழே ஓர் ஈயக்குண்டில் ஒன்றுகூடின. காற்றில் ஒரு பக்கம் சாய முற்பட்டால் மறுபக்கத்து நூல் இழுத்து நிறுத்தும். பட்டத்தொடருக்கு 'கட்டுண்ட வான்கப்பல்' என்று பெயரிட்டது வணிகரின் மிகை. ஆனால் படத்தில் மிகை ஏதுமில்லை. இடிந்த தெருக்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெளிவாக நிற்கின்றன. தொலைவில் பொற்கதவு நீரிணைக்கு மேல் கதிரவன் சாய்கிறான். படியொன்று 125 டாலருக்கு விற்றது. ஒரு நகரத்தின் பேரழிவு நல்ல விலைக்குப் போனது என்ற உறுத்தல் எனக்குண்டு. அப்படம் இல்லையெனில் அழிவின் முழு உருவை எவரும் கண்டிருக்க இயலாது என்பதும் உண்மை.

1912இல் பிரான்சின் பியேர் பிக்காவே, சிலுவை வடிவச் சட்டமொன்றின் நான்கு நுனிகளிலிருந்தும் நூல் செலுத்திக் காமிராவைப் பட்டக் கயிற்றில் தொங்கவிடும் முறையை விளக்கினார். கயிறு எவ்வளவு சாய்ந்தாலும் காமிரா மட்டமாகவே நிற்கும். பட்டத்தில் படமெடுப்போர் இன்றும் அவர் பெயரால்தான் அதனை அழைக்கின்றனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் மருந்தாளுநர் யூலியஸ் நொய்ப்ரோன்னர் புறாவின் மார்பில் காமிராவைக் கட்டியிருந்தார். 75 கிராம் சுமையைப் புறா தூக்காது என்று முதலில் மறுத்த காப்புரிமை அலுவலகம், படங்களைக் கண்டபின் 1908இல் உரிமை வழங்கிற்று. சுவையான செய்திதான், ஆனால் சட்டக வரலாற்றில் அது ஒரு கிளைவழி.

நான்கு விசிறிகளைக்கொண்டு எழும்பும் ஊர்தியும் பழமையானதே. பிரெகே-ரிஷே பொறி 1907இல் தரையைவிட்டு எழுந்தபோது நான்கு மூலைகளிலும் ஆட்கள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1922இல் அமெரிக்காவில் தெ பொத்தெசா செய்த ஊர்தியின் சட்டகம், இன்றைய டிரோனைப் போலவே பெருக்கற்குறி வடிவினது. எத்தியென் எமிஷென் 1924இல் தம் நான்கு விசிறி ஊர்தியில் ஒரு கிலோமீட்டர் சுற்றிவந்தார். இருந்தும் இவ்வடிவம் கைவிடப்பட்டது. நான்கு விசிறிகளையும் ஒருங்கே கவனித்துக் கணத்திற்குக் கணம் திருத்துவது மனித ஆற்றலுக்கு மீறிய வேலை. அவ்வேலையை விரல்நகம் அளவிலான உணரிகள் ஏற்றுக்கொள்ளும் வரை அச்சட்டகம் காத்திருந்தது. 2010 வாக்கில் ஆர்வலர்கள், நின்டெண்டோ வீ விளையாட்டின் கைப்பிடியைப் பிரித்து, அதிலிருந்த சுழற்சி உணரிகளைத் தங்கள் பறவைகளுக்குப் பொருத்தினர். சட்டகங்களை ஒட்டுப்பலகையிலும் அலுமினியக் குழாயிலும் வெட்டிச் செய்தனர்.

அத்தகைய சட்டகத்தை வரைய முற்படுபவர் முதலில் விசிறியின் விட்டத்தைக் கேட்கிறார். எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே 450 மில்லிமீட்டர் என்றால் அடுத்தடுத்த மோட்டார்களுக்கு இடையே 318 மில்லிமீட்டர். பத்து அங்குல விசிறிக்கு வேண்டியது 254. ஆகவே உரசாது. காமிரா முன்னே கனத்தால் மின்கலம் பின்னே நகர வேண்டும், கிராமத்துக் காவடியின் கணக்கைப் போல. கைகள் வளைந்துகொடுத்தால் மோட்டாரின் நடுக்கம் காமிராவை எட்டும். காட்சியை வரிவரியாகப் பதியும் இன்றைய உணரியில் அது படம் முழுவதும் குழம்பு தளும்புவதுபோல் தெரியும். அதனை 'ஜெல்லோ' என்பர். இதற்காகவே சட்டகத்தை இரண்டு தளங்களாகப் பிரித்து, மோட்டார்களை ஒன்றிலும் காமிராவையும் மின்கலத்தையும் மற்றொன்றிலும் வைத்து, இடையில் ரப்பர் உருண்டைகளைப் பொருத்தினர். எடை மிகுந்த காமிராவை ஏற்றுவோர் ஆறு கைகளை விரும்பினர். ஒரு மோட்டார் நின்றாலும் இறங்கிவிட வாய்ப்புண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அகன்ற பார்வை கொண்ட காமிராவில் விசிறிகளின் நுனி படத்திற்குள் வந்து நிற்கும். அதனைத் தவிர்க்க முன்கைகளை இருபுறமும் அகல விரித்து, பின்கைகளை அதைவிடக் குறுக்கி அமைத்தனர். மேலிருந்து பார்த்தால் கால் பரப்பிக் கிடக்கும் விலங்கைப் போலிருந்ததால் அவ்வடிவத்திற்குச் 'செத்த பூனை' என்றே பெயர் வைத்தனர். பெயரில் அழகில்லை. ஆனால் அச்சட்டகம் சுமந்து சென்ற காமிராவின் பார்வைக்குள் அதன் கைகள் வரவில்லை.