6000 குண்டுகளும் மணியாச்சியும்

1911 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கிக்குப் பரீட்சை வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 17 அன்று நம்ம மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன், திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் ஜெயித்த துப்பாக்கியும், வாஞ்சி வைத்திருந்த பெல்ஜியம் துப்பாக்கியும் ஒரே ஆள் வடிவமைத்தவை. அவர் பெயர் ஜான் பிரவுனிங்.

முதலில் பரீட்சை எதற்கு என்று பார்ப்போம். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். செமி ஆட்டோமேடிக் பிஸ்டல் அப்படி இல்லை. சுட்ட வேகத்திலேயே மேல்பாகம் பின்னால் போய், காலி ஓட்டை வெளியே தள்ளி, ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். இதில் ஒரு படி தப்பினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பழைய ராணுவ அதிகாரிகள் இந்தப் புது வகையை லேசில் நம்பவில்லை.

கடைசிச் சுற்றில் மிஞ்சியவை கோல்ட், சாவேஜ் என்ற இரண்டு கம்பெனிகளின் துப்பாக்கிகள். கோல்ட்டுக்காக வடிவமைத்தவர் பிரவுனிங். ஒரே துப்பாக்கியில் 6000 ரவுண்டு, இரண்டு நாளில்! நூறு ரவுண்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஆற விட்டார்கள். ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். அதோடு விடவில்லை. நசுங்கிய தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார்கள், அமிலத்தில் துருப்பிடிக்க வைத்தார்கள், மணலிலும் சேற்றிலும் புதைத்து எடுத்துச் சுட்டார்கள். சாவேஜ் 37 முறை கோளாறு செய்தது. கோல்ட் ஒருமுறைகூட இல்லை. மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

இப்போது இந்தப் பக்கம் வருவோம். லண்டனிலிருந்து தப்பி 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். (எங்கள் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ் ஏறினால் புதுச்சேரிதான். அன்றைக்கு அது பிரெஞ்சுக்காரர் மண், பிரிட்டிஷ் போலீஸ் நேரடியாக நுழைய முடியாது.) வாஞ்சியும் அங்கே பயிற்சி எடுத்தவர். ஒளித்து வைத்திருக்கும் ஆயுதத்துக்கு 6000 தோட்டாவுக்கு எங்கே போவது? துப்பாக்கி சிக்குமா, சிக்காதா என்று சோதித்துப் பார்க்கும் வசதி அரசாங்கங்களுக்குத்தான் உண்டு. வாஞ்சி போன்றவர்கள் நம்பித்தான் போக வேண்டும்.

மணியாச்சியில் அது சிக்கவில்லை. ரயில் பெட்டிக்குள் மனைவியுடன் உட்கார்ந்திருந்த ஆஷை மிக அருகில் நின்று மார்பில் சுட்டுவிட்டு, வாஞ்சி நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி, தன் வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். அவருக்கு வயது 25. அந்தச் செயல் சரியா தப்பா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் பிரவுனிங் செய்த யந்திரம் இரண்டு முறையும் உழைத்தது என்பதில் விவாதம் இல்லை. என்னைக் கேட்டால், மணியாச்சியை மட்டும் வைத்து ஒரு துப்பாக்கியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒரு ரவுண்டு எந்தத் துப்பாக்கியும் சுடும்.

நீண்ட கால உழைப்புக்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் கடைசியாக அந்த மாடலைப் புதிதாக வாங்கியது 1945இல். அதற்குப் பதிலாக பெரெட்டாவைத் தேர்ந்தெடுத்தது 1985இல். நடுவில் 40 வருடம், கொரியாவிலும் வியட்நாமிலும், ஸ்பிரிங்கையும் குழலையும் மாற்றி மாற்றிப் பழைய துப்பாக்கிகளையே ஓட்டினார்கள்!

பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்தில், வேலை செய்துகொண்டிருந்த தொழிற்சாலையிலேயே இறந்துபோனார். அவர் தொடங்கி வைத்த இன்னொரு பிஸ்டலை மற்றவர்கள் முடித்து 1935இல் வெளியிட்டார்கள். அதே வடிவத்தைத்தான் பின்னாளில் மேற்கு வங்காளத்தின் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலை, பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ என்ற பெயரில் நம் ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது.