தோலும் தண்டும்: வங்கப் பாட்டியரின் அடுப்பு

வங்காளக் குடும்பங்களில் பாட்டியின் கைமணம் என்றதும் நினைவுகூரப்படுபவை பெரும்பாலும் எளிய பண்டங்களே: சுரைக்காய்த் தோல் வதக்கல், வாழைக்காய்த் தோல் துவையல், வாழைத்தண்டுக் கறி, வாழைப்பூக் கறி. எதையும் வீணாக்காத அக்கைத்திறனைப் பேரப்பிள்ளைகள் ‘சிக்கனம்’ என்று போற்றுகின்றனர். ஆனால் அச்சமையலின் வரலாறு அந்த ஒரு சொல்லில் அடங்குவதன்று.

‘நிராமிஷ்’ என்னும் வங்கச் சொல் இதற்குச் சான்று. வடமொழியில் ஆமிஷம் என்பது புலால். நிராமிஷம் என்பது புலால் நீங்கியது. வங்க வழக்கிலோ வெங்காயம், பூண்டு, மைசூர்ப் பருப்பு ஆகியனவும் புலாலின் பக்கம் சேர்க்கப்பட்டன. அவை உடற்சூட்டை ஏற்றி இச்சையைத் தூண்டும் எனக் கருதப்பட்டதே காரணம். இவ்விலக்கின் முழுச் சுமையும் மேல்சாதி இந்துக் கைம்பெண்கள் மீது விழுந்தது. மற்றவர்க்கு மீன் அன்றாட உணவாயிருந்த வீட்டில் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ஒரு வேளைச் சோறு. ஏகாதசியன்று நீரும் இல்லை. குழந்தை மணம் நிலவிய காலத்தில் பத்து வயதுச் சிறுமியும் இதற்கு விலக்கல்லள். ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856இல் மறுமணச் சட்டம் நிறைவேறியது. அடுப்பங்கரை விதியை அது தொடவில்லை. இஞ்சி, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றைக் கொண்டே தோலுக்கும் தண்டுக்கும் சுவையேற்றும் நுட்பத்தில் பெரும்பங்கு இக்கட்டுப்பாட்டிற்குள் வளர்ந்தது.

வறுமை தந்த உணவு வேறு. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த கிராமத்து ஏழைகள் சோறு கேட்கவும் துணியாமல், ‘ஃபேன்’ எனப்படும் வடிகஞ்சியையே வாசல்தோறும் இரந்தனர். 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் பலவற்றிற்குத் தானாக முளைத்த சேம்பின் இலையும் தண்டுமே கறியாயின.

மறுக்கப்பட்டதால் பிறந்த உணவையும் கிடைக்காததால் பிறந்த உணவையும் சிக்கனம் என ஒன்றாக்கும்போது, முன்னதற்குக் காரணமான வீட்டின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. பஞ்சத்தில் பானை வெறுமையாயிருந்தது. கைம்பெண்ணின் வீட்டிலோ பானை நிறைந்திருந்தும் அவளுக்குப் பங்கில்லை. ஆகவே பாட்டியரின் சமையற்குறிப்புகளைத் தொகுப்போர், அவர்கள் எதை எவ்வாறு சமைத்தனர் என்பதோடு, அதே வீட்டில் எதை உண்ண அனுமதிக்கப்படவில்லை என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.